பிரியாத் தம்பதிக்கு ஒரு பன்றிக்கண்டம்

எங்கள் ஆங்கிலேயக் கிராமம் தார்ன்ஸ்டெட்டில் ஒருவருக்குப் பெயர் வைத்துவிட்டால் வைத்ததுதான். பாதிரியார் தண்ணீர் தெளித்து வைக்கும் பெயர் கல்லறையில் வெட்டுவதற்கு மட்டும் பயன்படும். இடைப்பட்ட காலத்துக்கெல்லாம் ஊர் வைத்த பெயர்தான் செல்லுபடி. ரொட்டிக் கடைக்காரன் சாகும் வரை 'மாவு மூக்கன்'. டாலி மாட் வீட்டு நாய்க்குக்கூட டாலி வைத்த பெயர் ஒன்று, ஊர் கூப்பிடும் பெயர் ஒன்று. ஹில்டா கௌலெட்டுக்கும் அவள் கணவன் ஹோரஸுக்கும் இரண்டு பெயர் வைக்கக்கூட ஊருக்குச் சோம்பல். இருவருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று: இன்செபரபிள்ஸ். பிரிக்க முடியாதவர்கள்.

அந்தப் பெயரைக் கொண்டுவந்தவர் பள்ளித் தலைமையாசிரியர் பார்மின்டர். நல்ல மனிதர், சொற்களின் மேல் பைத்தியம், மனிதர்கள் மேல் கொஞ்சம் மறதி. ஒரு வருஷம் பள்ளித் தோட்டத்தில் விழா நடந்தபோது ஹில்டாவும் ஹோரஸும் ஒரே கேக்கை இரண்டாக வெட்டித் தின்றுகொண்டே உள்ளே வந்தார்கள். அவர் கையை விரித்து, "ஆகா, நம்ம இன்செபரபிள்ஸ் வந்தாச்சு!" என்றார். அவ்வளவுதான். உடையில் ஒட்டிய நாயுருவி மாதிரி அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது.

ஊரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. கண்ணில் பட்டதைத்தானே ஊர் சொல்லும்? பிளம் தோட்டத்தில் ஒரே வரிசையில் இருவரும் பழம் பறிப்பார்கள். அவள் கடைக்குப் போனால் பை அவன் கையில் இருக்கும். மாதர் சங்கத்தில் சீட்டாட்டம் என்றால் அவள் உள்ளே, அவன் வராந்தா பெஞ்சில், கதவு கொஞ்சம் திறந்தபடி. பெண்கள் எல்லாரும் தங்கள் புருஷன்மாரைப் பார்த்து, "அந்த ஹோரஸைப் பாரு, கத்துக்கோ," என்று இடிப்பார்கள். புருஷன்மார் எல்லாரும் ஹோரஸைக் கண்டால் மனத்துக்குள் திட்டுவார்கள்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. ஹில்டாவுக்கும் ஹோரஸுக்கும் மட்டும் தெரிந்தது.

முதல் உலக யுத்தத்தில் பிரான்சில் ஹோரஸ் பதுங்கியிருந்த குழி குண்டு விழுந்து மூடிக்கொண்டது. மண்ணுக்குள் மூன்று பேர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும் கேட்டது. பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு குரல் நின்றது. பிறகு இன்னொன்று. அதற்கப்புறமும் வெகுநேரம் ஹோரஸ் மட்டும் பேசிக்கொண்டே இருந்தான். தோண்டி எடுத்தபோது உடம்பில் ஒரு கீறலில்லை. ஆனால் பக்கத்தில் ஓர் உயிரின் சத்தம் கேட்காவிட்டால் இன்றைக்கும் அவனுக்கு மூச்சு முட்டும். சட்டை தொப்பலாக நனையும். கண் எதையும் பார்க்காது. ஒருமுறை ஹில்டா தபால்காரனோடு வாசலில் நாலு வார்த்தை கூடப் பேசிவிட்டு வந்தபோது, அடுப்படி மேசைக்கு அடியில் சுருண்டு கிடந்தான். ஆறடி ஆள்.

அதனால் தோட்டத்து மூலையில் இருக்கும் கக்கூசுக்குப் போனால்கூட ஹில்டா ஒரு ஞானப்பாட்டை முனகிக்கொண்டே இருப்பாள். வாய்க்குள் வார்த்தையில்லாத முனகல். பத்து அடி தள்ளி முட்டைக்கோஸுக்குக் களை எடுக்கிற சாக்கில் ஹோரஸ் நிற்பான். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது பெருமையாக இருந்தது. நம் குரலில் ஒரு மனுஷன் உயிர் வாழ்கிறானே என்று. முப்பத்தைந்து வருஷத்தில் பெருமை எந்த மூலையில் போய் விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. ஞானப்பாட்டு மட்டும் நிற்கவில்லை.

அவன் கெட்டவன் என்றால் ஹில்டா என்றைக்கோ பெட்டியைத் தூக்கியிருப்பாள். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, காலையில் முதல் தேநீர் அவன் கையால்தான். குறை சொல்ல ஒரு நூல் முனை கிடைக்காத ஆளிடம் மாட்டிக்கொண்டவள் யாரிடம் போய் என்னவென்று சொல்வாள்?

சொல்லக்கூடிய ஆள் ஒரே ஒருத்தி. அக்கா மேபல். கடற்கரை ஓரம் வால்டனில் தனியாக இருந்தாள். ஹில்டா அவளைப் பார்க்கப் போனாலும் இரட்டையாகத்தான் போக வேண்டும். அக்கா தங்கை இருவரும் திரைத்துணி விலை, பன் ரொட்டியில் திராட்சை குறைந்துபோனது இதெல்லாம் பேசுவார்கள். மூன்றாவது நாற்காலியில் ஹோரஸ் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பான்.

அந்தக் கோடையில் மேபலின் மகன் கனடாவிலிருந்து அம்மாவை அழைத்துப்போக வந்தான். ஆகஸ்டு முதல் சனிக்கிழமை கப்பல். போனால் திரும்ப மாட்டாள். அந்த வயதில் யாரும் இரண்டு முறை கடல் தாண்டுவதில்லை. மேபல் தபால் அட்டையில் எழுதினாள்: 'கிளம்புவதற்கு முன் ஒரு நாள் வா. முடிந்தால் நீ மட்டும் வா.' ஹில்டா அந்த அட்டையைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகினாள். ஒரு நாள். அக்காவோடு, தனியாக, வாயைத் திறந்து பேச. அந்த வருஷம் அவள் கடவுளிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் டாலி மாட் வேலையைக் காட்டினாள்.

எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கல்யாணம் ஆனவர்கள் ஒரு வருஷமும் ஒரு நாளும், தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும், 'ஐயோ, ஏன்டா கட்டிக்கிட்டோம்' என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை என்று நிரூபித்தால் அவர்களுக்கு உப்புக்கண்டம் போட்ட பன்றியின் ஒரு பக்கம் முழுசாகப் பரிசு. வெள்ளைக் கூடாரம் போட்டு, பொய்முடி வைத்து, வக்கீல் வைத்து வழக்கு நடக்கும். தம்பதிக்கு ஒரு வக்கீல், பன்றிக்கு ஒரு வக்கீல். தீர்ப்புச் சொல்வது கல்யாணமாகாத ஆறு பெண்களும் ஆறு பையன்களும். கடலின் ஆழத்தை நீச்சல் தெரியாதவனிடம் கேட்கிற ஏற்பாடு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பீர் உண்டு, பாண்டு வாத்தியம் உண்டு, வயிறு வலிக்கச் சிரிப்பு உண்டு. ஆனால் அது 1955. பன்றிக்கறிக்கு ரேஷன் போய் ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. முழுப் பக்கம் கறி என்றால் ஊருக்கே எச்சில் ஊறியது.

டாலி அடுத்த வீட்டுக்காரி. நல்லது செய்கிறேன் என்று கிளம்பினால் எதிரே மலை வந்தாலும் நிற்க மாட்டாள். கேட்காமலே இவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டு, ரொட்டிக் கடை வாசலில் அறிவிப்பு ஒட்டிய பிறகுதான் வந்து சொன்னாள்.

"ஏ ஹில்டா, சட்டியத் தேச்சு வையி. பன்னி வருது!"

"என்ன பன்னி?"

"உங்க பன்னிதான். பேரு குடுத்தாச்சு. இந்த வருஷம் உங்களவிட்டா யாரு? நானும் எம் புருஷனும் நின்னா, கறிய நாங்க வாங்குறதுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் உப்புக்கண்டம் போட்டுருவோம்."

"டாலி, எங்களுக்கு வேணாம். பேர எடுத்துரு."

"ஏன்?" என்றாள் டாலி. அவள் 'ஏன்' என்றால் காரணம் கிடைக்காமல் நகர மாட்டாள்.

ஹில்டா ஹோரஸைப் பார்த்தாள். அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாலி ஒரு வழியாகப் போனதும் மெதுவாகச் சொன்னான்:

"வேணாம்னா ஏன் வேணாம்னு ஊரே கேக்கும் ஹில்டா. கேட்டுக் கேட்டு ஒருநா எல்லாம் வெளிய வந்துரும். மேசைக்கு அடியில கெடந்தது, எல்லாம்."

"அதுக்காகப் போயி பொய்ச் சத்தியம் பண்ணணுமா?"

"பொய்யா?" என்று அவன் கேட்டான்.

ஹில்டா உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள். அவள் மெதடிஸ்டு சபைக்காரி. சத்தியம் என்றால் அவளுக்குச் சத்தியந்தான், அதில் பாதி, முக்கால் கிடையாது. செய்தால் பொய். செய்யாவிட்டால் ஊர் முன்னால் அவன் மானம். இருதலைக்கொள்ளி எறும்புக்காவது எந்தப் பக்கம் சுடுகிறது என்று தெரியும். இவளுக்கு நடுவிலும் சுட்டது.

வழக்கு நடந்த சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. கூடாரத்துக்குள் புல்லும் பீரும் வியர்வையும் சேர்ந்து நாறின. மேடை மேலே கயிற்றில் பன்றிக்கண்டம் தொங்கியது. ஈ மொய்க்காமல் அதற்குப் பக்கத்தில் ஒருவன் விசிறியோடு நின்றான். நீதிபதி, ஊர் டாக்டர். பன்றியின் வக்கீல், மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிற ஸ்க்ரைவன். நாக்கில் எண்ணெய் தடவின ஆள். தம்பதியின் வக்கீல் வேறு யார்? பார்மின்டர்தான். குதிரைமுடிப் பொய்முடி ஒரு பக்கம் சரிய, எழுந்தார்.

"கனவான்களே, சீமாட்டிகளே! என் கட்சிக்காரங்களுக்கு இந்த ஊர் ஒரு பேர் வச்சிருக்கு. அந்தப் பேரே எனக்குச் சாட்சி. இன்செபரபிள்! அறுநூறு வருஷத்துக்கு முன்னால லத்தீன்லேர்ந்து நம்ம பாஷைக்குள்ள நொழஞ்ச சொல்லு. மொதல்ல அத வச்சிருந்தது பாதிரிமாருங்க. பிதா, சுதன், பரிசுத்த ஆவி, மூணும் பிரிக்க முடியாததுன்னு சொல்றதுக்கு."

"நாலாவதா பன்னியச் சேத்துக்கோ!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினான்.

"அப்புறம் தத்துவம் படிச்சவங்க எடுத்துக்கிட்டாங்க. ஒரு பொருளவிட்டு எந்தக் குணத்தப் பிரிக்க முடியாதோ, அதுக்கு இந்தப் பேரு. அவங்க எப்பவும் சொல்ற உதாரணம், காக்காவோட கருப்பு. காக்காவ எங்க கொண்டு போனாலும் கருப்பு கூடவே போகும். சட்டக்காரங்க எடுத்தாங்க. மகுடத்தவிட்டுப் பிரிக்க முடியாத உரிமை, நெலத்தவிட்டுப் பிரிக்க முடியாத பாத்தியதை. நானூறு வருஷம் முன்னால ரெண்டு சிநேகிதங்க எப்பவும் ஒண்ணாத் திரிஞ்சா அந்த ஆளுங்களையே இன்செபரபிள்ஸ்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. பிரெஞ்சுக்காரன் ஒரு சின்னக் கிளிக்கே அந்தப் பேர வச்சிட்டான். ஏன்? அதுல ஒண்ண மட்டும் கூண்டுல வச்சா செத்துப்போகும்னு நம்பிக்கை. அதனால ஜோடியாத்தான் விப்பான்."

கூடாரம் முழுக்க 'அடடா' என்று உருகியது. பெண்கள் கைக்குட்டை எடுத்தார்கள்.

ஹில்டா கையுறை போட்ட கைகளை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு வயது என்று அவளுக்கு அன்றுதான் தெரியும். அறுநூறு வருஷமாக எத்தனை பேர் அதைத் தூக்கித் திரிந்திருக்கிறார்கள், ஒருவனாவது காக்கையிடம் கேட்டானா? ஒருநாள், ஒரே ஒருநாள் வெள்ளையாக இருக்க அதற்கு ஆசை வந்திருக்காதா? கூண்டைத் திறந்து வைத்து அந்தக் கிளி போகிறதா என்று எவனாவது பார்த்தானா? எழுந்து கூடாரத்துக்கு வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடினால் பின்னாலேயே ஹோரஸும் ஓடி வருவான், அதைப் பார்த்து ஊர் கைதட்டும்.

முதலில் ஹோரஸை விசாரித்தார்கள். ஸ்க்ரைவன் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டான்:

"மிஸ்டர் கௌலெட், உங்க மனைவி கக்கூசுக்குப் போனா நீங்க வெளியில காவலுக்கு நிப்பீங்களாமே? உண்மையா?"

கூடாரம் குலுங்கியது. டாலி வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். சொன்னது அவள்தான் என்று எல்லாருக்கும் புரிந்தது.

ஹோரஸின் காது சிவந்தது. "அவ சத்தம் கேக்கலன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கும் சார்," என்றான்.

"பாத்தீங்களா!" என்று பார்மின்டர் துள்ளினார். "மனைவி பேச்ச நிறுத்தினாக் கவலப்படுற ஒரே புருஷன்!"

அதற்குச் சிரித்த சிரிப்பில் விசிறிக்காரன் விசிறியை விட்டான். அடுத்தது ஹில்டா. அவள் பைபிளைத் தொட்டாள். ஸ்க்ரைவன் குரலை இறக்கினான்.

"மிஸஸ் கௌலெட், போன ஒரு வருஷத்துல, தூக்கத்துலயோ முழிப்புலயோ, இந்த மனுஷன் நம்மகூட இல்லாம இருந்தா நல்லாருக்கும்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நெனச்சதுண்டா?"

"நெனச்சேன்," என்றாள் ஹில்டா.

ஸ்க்ரைவனுக்கே அது எதிர்பாராதது. "எப்போ?"

"தெனமும்."

முன்வரிசையில் ஒருத்தி 'க்ளுக்' என்றாள்.

"தெனமும்னா... எந்த நேரத்துல?"

"கக்கூசுல இருக்கும்போது. பழம் பறிக்கும்போது. ராத்திரி அவன் கை என் கைமேல இருக்கும்போது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் மட்டும் தனியா இருக்கணும்னு நெனப்பேன். இப்பக்கூட அதான் நெனச்சிக்கிட்டிருக்கேன்."

வாழ்க்கையில் அவள் அவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் சொன்னதில்லை. கூடாரம் வெடித்தது. ஆண்கள் தொடையில் அறைந்தார்கள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவளுக்கு இவ்ளோ குறும்பா!" என்று டாலி பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பார்மின்டர் இரண்டு கையையும் உயர்த்தினார்: "நெஞ்சு நெறஞ்ச ஒரு பொண்ணாலதான் இப்படிக் கேலி பேச முடியும்! ஊமையா உக்காந்திருந்தா சந்தேகப்படலாம். இவங்க வெளையாடுறாங்களே! என் தரப்பு முடிஞ்சது!"

சிரிக்க வந்த கூட்டத்திடம் அழுதாலும் சிரிப்புத்தான் வரும் என்பது ஹில்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "நான் நெசமாத்தான் சொல்றேன்," என்றாள். அதற்கு முன்னதைவிடப் பெரிய சிரிப்பு.

சிரிக்காத ஒருவன் இருந்தான். ஹோரஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மண்ணுக்குள்ளிருந்து குரலுக்குக் காது கொடுக்கிறவன் பார்வை.

பன்னிரண்டு கன்னிகளும் காளைகளும் தீர்ப்பைச் சொல்ல வெளியேகூடப் போகவில்லை. பன்றிக்கண்டம் கௌலெட் தம்பதிக்கே. இருவரையும் தோள்மேல் நாற்காலியில் தூக்கி, பாண்டு முழங்க, சர்ச் வாசல்வரை கொண்டு போனார்கள். அங்கே இரண்டு கூரான கல்லின்மேல் முழங்காலிட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். பாதிரியார் வரி வரியாகச் சொல்ல, இவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். கல் ஹில்டாவின் முழங்காலில் ஏறியது. 'ஒருபோதும் மனம் வருந்தியதில்லை' என்ற வரி வந்தபோது அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். பக்கத்தில் ஹோரஸின் குரலும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவன் உதடுகூட அசையவில்லை. பாண்டுச் சத்தத்தில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கறியை உத்தரத்தில் மாட்டினார்கள். ஹோரஸ் தேநீர் போட்டு அவள் முன்னால் வைத்தான்.

"அக்கா அட்டை கடிகாரத்துக்குப் பின்னால இருக்கு," என்றான்.

"படிச்சியா?"

"வந்த அன்னிக்கே படிச்சேன். படிக்காத மாதிரி இருந்துட்டேன்." அவன் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான். "வியாழக்கிழம பஸ்ஸுல நீ போ. நீ மட்டும்."

"உனக்கு..."

"டாலி நாய வாங்கிக்கிறேன். கெழட்டு நாயி, மூச்சு விட்டா ரம்பம் அறுக்குற மாதிரி கேக்கும். அது போதுமான்னு பாப்போம்."

ஹில்டா அழுதாள். தன்னைப் பிடித்துவைத்திருப்பவனே கதவைத் திறந்துவிடும்போது கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒத்திகை பார்த்தார்கள். முதலில் அவள் வாசல்வரை போனாள். பிறகு தெருமுனை. பிறகு பிளம் தோட்டத்தின் அந்தக் கோடிவரை போய், ஒரு மரத்தடியில் நின்று, முனகாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுப் பார்த்தாள். திரும்பி வந்தபோது ஹோரஸ் அடுப்படியில் நாயின் விலாவில் காதை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்திருந்தது. ஆனால் மேசைக்கு வெளியே இருந்தான். "முடியுது," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். ஹில்டா மேபலுக்கு ஒரு அட்டை போட்டாள்: 'வியாழன் வருகிறேன். நான் மட்டும்.'

வியாழக்கிழமை அவள் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். ஹோரஸ் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தான். பஸ் வந்தது. சந்தை நாளாதலால் பாதி ஊர் அதில் இருந்தது. ஹில்டா படியில் கால் வைத்தாள், உள்ளே போய் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலி. அந்தக் காலி இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள்; வெயில் பட்டுச் சூடாக இருந்தது.

"எங்க உங்க பாதி?" என்றான் கண்டக்டர்.

"அவன் வரல."

"வரலையா!" பின்னாலிருந்து டாலியின் குரல். எழுந்தே நின்றுவிட்டாள். "என்னடி இது? சத்தியம் பண்ணின முட்டி வலி போகல, அதுக்குள்ள சண்டையா?"

"சண்டையில்ல. அக்காவப் பாக்கப் போறேன். அவ்வளவுதான்."

"அக்காவுக்கு அவன் தங்கச்சி புருஷன் இல்லையா? கப்பலேறப் போறவ மொகத்த அவனும் பாக்க வேணாமா?" டாலி ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். "ஏ ஹோரஸ்! ஏறு! என் நாயப் புடிச்சிக்கிட்டு என்ன நிக்கிற?"

"நான் வரல டாலி. வேலையிருக்கு."

"வேலையாம்! பன்னிய எங்ககிட்டயிருந்து ஏமாத்தி வாங்கிட்டீங்களா ரெண்டு பேரும்?"

பஸ் முழுக்கச் சிரித்தது. யாரோ 'பன்னியைத் திருப்பிக் குடு' என்று தாளம் போட்டார்கள், எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். கண்டக்டர் மணிக் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான். "ஜோடி ஏறாம வண்டி நகராது. இன்செபரபிள்ஸப் பிரிச்ச பாவம் எனக்கு வேணாம்பா." டிரைவர் இன்ஜினையே நிறுத்திவிட்டான். ஒருவருக்கும் மனத்தில் துளி விஷமில்லை. அத்தனையும் அன்பு. அந்த அன்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஹோரஸ் ஜன்னல் வழியாக ஹில்டாவைப் பார்த்தான். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'நான் தனியாக இருக்கப் பழகுகிறேன், விடுங்கள்' என்றால் எல்லாரும் வாயை மூடுவார்கள். அப்புறம் 'ஏன்' என்பாள் டாலி. ஹில்டாவும் சொல்லியிருக்கலாம். அவன் மூடிவைத்ததை முப்பத்தைந்து வருஷம் காத்தவள், இந்தக் கும்பலுக்கு முன்னால் அதைத் திறப்பாளா? அவள் தலையை லேசாக அசைத்தாள். வா என்று.

இரண்டு பேர் இறங்கி ஹோரஸைக் கையைப் பிடித்து ஏற்றினார்கள். பஸ் கைதட்டியது. நாய் கொஞ்ச தூரம் பின்னால் ஓடிவந்து, நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது.

"மன்னிச்சிரு," என்றான் ஹோரஸ். வால்டனில் இருவரும் இறங்கினார்கள்.

மகனை வெளியே அனுப்பிவிட்டுக் காத்திருந்த மேபல் கதவைத் திறந்தாள். இருவரையும் பார்த்தாள். அவள் பின்னால் மேசையில் இரண்டு கோப்பைகள், இரண்டு தட்டுகள். அலமாரிக்குப் போய் மூன்றாவது கோப்பையை எடுத்தாள்.

"எனக்கு வேணாம் மேபல்," என்றான் ஹோரஸ். "நான் வாசப்படியில உக்காந்துக்கிறேன். கதவு மட்டும் தெறந்திருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் பேசுங்க. நான் கேக்க மாட்டேன்."

முதுகைக் காட்டி வாசற்படியில் உட்கார்ந்தான். தொப்பியைப் பக்கத்தில் வைத்தான். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை இறுக்கி மூடிக்கொண்டான்.

அவன் கைகளுக்கு நடுவே இப்போது என்ன இருக்கும் என்று உலகத்தில் ஹில்டாவுக்கு மட்டும் தெரியும்.

மேபல் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "இப்ப சொல்லுடி. அவனுக்குக் கேக்காது. எவ்ளோ நாளா எதையோ சொல்ல வந்து சொல்ல வந்து முழுங்குற. நாளன்னிக்கிப் போயிட்டா அப்புறம் நான் எங்க, நீ எங்க? சொல்லு."

ஹில்டா வாயைத் திறந்தாள். வாசற்படியில் அவன் தோள்கள் நடுங்க ஆரம்பித்தன. சட்டை முதுகோடு ஒட்டியது.

அவள் வாயிலிருந்து வந்தது பேச்சில்லை. வார்த்தையில்லாத அந்தப் பழைய ஞானப்பாட்டு. மூடிய காதுக்கும் எட்டும்படி, வழக்கத்தைவிட உரக்க. தேநீர் ஆறும்வரை மேபல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.